சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒன்றாகப் பார்க்க...

வன்னியில் ஒரு வீட்டுக் காசு ஒரே இடத்தில் இருப்பதில்லை. அஸ்வெசும உதவிப் பணம் ஒரு வங்கியில் விழும், உர மானியம் இன்னொன்றில், வெளிநாட்டுக் காசு வேறொன்றில். நகை அடகில் இருக்கும், கிழமைக் கடன் தனியாக ஓடும். இந்தியாவில் 2021 செப்டெம்பர் முதல், வாடிக்கையாளர் சம்மதித்தால் அவருடைய பல வங்கிக் கணக்குகளின் விபரங்களைச் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. இலங்கையில் நம் கைக்கு எட்டும் வசதிகள் வேறு. அவற்றைப் பயன்படுத்தும் வழிகள் இவை.

1. முதலில் ஒரு கொப்பி. எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயரில், எந்த ஃபோன் நம்பர் பதிந்திருக்கிறது என்று எழுதுங்கள். அடகுத் துண்டு மீட்கும் திகதி, கடனின் தவணைத் தொகை, கட்டும் நாள், சங்கக் கடன், சீட்டுக் காசு எல்லாம் அதில் வரவேண்டும். பின் நம்பரை மட்டும் எழுத வேண்டாம்.

2. கிரிப் ரிப்போட் எடுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் (கிரிப்), வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் நீங்கள் எடுத்த கடன்களை ஒரே அறிக்கையில் காட்டும். “கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது” என்று பயப்படுகிறவர்கள் பலர். ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் பதிவாகும். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். உங்கள் வங்கிக் கிளையில் விசாரியுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் நின்றால், பற்றுச்சீட்டோடு கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

3. ரிப்போட்டை மட்டும் நம்பவும் கூடாது. அனுமதி பெறாமல் வட்டிக்குக் கொடுப்பவர்களின் கடன் அதில் வராது. போருக்குப் பிறகு நம் பெண்கள் ஒரு நுண்கடன் கம்பனியின் கடனைக் கட்ட இன்னொன்றில் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவதிடம் போனார்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்பது எவர் கண்ணுக்கும் ஒரே தாளில் தெரியவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்கும் நிலைவரை அது போனது. புதுக் கடனுக்குக் கையெழுத்து வைக்குமுன் கொப்பியில் எல்லாத் தவணைகளையும் கூட்டிப் பாருங்கள்.

4. பிணை நின்றதையும் எழுதுங்கள். நீங்கள் பிணை வைத்த கடனும் உங்கள் ரிப்போட்டில் வரும்.

5. லங்காபேயின் ஜஸ்ட்பே வசதி உள்ள செயலியில் வெவ்வேறு வங்கிக் கணக்குகளை இணைத்து, ஒரே ஃபோனிலிருந்து கட்டணம் செலுத்தலாம். ஆனால் எல்லாக் கணக்குகளையும் இணைக்காதீர்கள். செலவுக்குரிய ஒன்று போதும். சேமிப்பும் நிலையான வைப்பும் வெளியே இருக்கட்டும். செயலியைக் கைவிடுமுன் இணைப்பை நீக்குங்கள். அழித்துவிட்டால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

6. ஃபோனுக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவருக்கும்தான். கனடாவில் இருக்கும் பிள்ளை கணக்கைப் பார்க்க விரும்பினால் பாஸ்வேட்டை வைபரில் அனுப்ப வேண்டாம், கணக்குக்கூற்றை அனுப்புங்கள்.

7. சிம் மாற்றினால் அதே கிழமையில் வங்கிக்குப் போய் நம்பரை மாற்றுங்கள். பழைய நம்பர் வேறொருவர் கைக்குப் போகும்.

8. 2009இல் இடம்பெயர்ந்தபோது பாஸ் புத்தகம் தொலைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் சட்டப்படி மத்திய வங்கிக்குப் போகும். போனாலும் அது உங்கள் பணம்தான். உரிமைகோரலை அந்த வங்கி மூலமாகவே செய்யலாம். அடையாள அட்டையோடு பழைய கிளைக்குப் போங்கள். கிளை இடம் மாறியிருந்தால் அதே வங்கியின் வேறு கிளையில் கேளுங்கள். கணக்குக்குரியவர் இறந்தோ காணாமலோ போயிருந்தால், எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

9. வங்கியோ நிதிக் கம்பனியோ பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.