நூற்றுக்கு நூறு ராயல்டி! எதில் நூறு?



ராயல்டி என்றதும் ஏதோ ராஜா வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் எழுதிய புத்தகம் விற்கும்போது அவருக்குச் சேர வேண்டிய பங்கு, அவ்வளவுதான். பதிப்பகம் தன் செலவில் போட்டால் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் என்பார்கள். நாமே வெளியிட்டால் 60, 70, ஏன் 100 சதவீதம் என்றுகூட விளம்பரம் வருகிறது. நம் ஹாஸ்டலில் கவிதை நோட்டு வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா வாரத்துக்குப் பயிர் வைப்பவர், படிப்பு மூணாவதோடு சரி. அந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். "செலவு போகப் பங்கா, செலவுக்கு முன்னாடி பங்கா?" என்று கேட்டார். களத்தில் நெல் அளக்கும்போது கேட்கிற கேள்விதான். விஷயம் முழுக்க அதிலேதான் இருக்கிறது!

அமேசானின் கேடிபி முறையைப் பாருங்கள். அமெரிக்க விற்பனையில் 9.99 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள அச்சுப் புத்தகத்துக்கு 60 சதவீதம். (அதற்குக் கீழே என்றால் 2025 ஜூன் முதல் 50தான்.) 300 பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகம், விலை 15 டாலர் என்று வைப்போம். 60 சதவீதம் 9 டாலர். அச்சுச் செலவை அதிலிருந்துதான் கழிப்பார்கள். நிலையான 1 டாலர், பக்கத்துக்கு 1.2 சென்ட், ஆக 4.60. கைக்கு வருவது 4.40. விலையில் 30 சதவீதம்கூட இல்லை! தெர்மல் பாடத்தில் இண்டிகேட்டட் பவர், பிரேக் பவர் படித்தோமே, அதே கதை. உராய்வு தின்றது போக மிச்சம்தான் ஷாஃப்ட்டுக்கு.

மின்நூலுக்கு அச்சுச் செலவு கிடையாது. ஆனால் 70 சதவீதம் வேண்டுமென்றால் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். ஃபைல் ஒரு எம்பிக்கு 15 சென்ட் அனுப்பும் கூலியும் பிடிப்பார்கள். 2.99 விலையில் ஒரு எம்பி புத்தகம் விற்றால் ஏறக்குறைய 1.99 டாலர் வரும். மலிவாகக் கொடுப்போமே என்று 1.99 வைத்தால் 35 சதவீதம்தான், 70 சென்ட்! விலையில் ஒரு டாலர் குறைத்ததற்கு வரவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இப்போது அந்த "100 சதவீதம்". 15,000 ரூபாய் பேக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம். புத்தக விலை 200, அச்சுக்கு 90, கடைக் கழிவு 80. மீதி 30 ரூபாயில்தான் நூற்றுக்கு நூறு. போட்ட பணம் திரும்பவே 500 பிரதி விற்க வேண்டும். நம் வகுப்பில் 60 பேர்! பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் மீதி எவ்வளவு என்று ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். காப்புரிமை யார் பெயரில் என்பதையும் பாருங்கள். நம் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் ஆயுள் முழுதும், பிறகு 60 ஆண்டும் அது நிற்கும்.

இன்னொன்று, விற்ற அன்றே பணம் வராது. கேடிபியில் மாதம் முடிந்து சுமார் 60 நாள். ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில்தான் வரும். செமஸ்டர் ஃபீஸுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.