சீவுதலும் 'டேப்' என்னும் சொல்லும்



செடி கொடி மரங்களை வெட்டும் செயலுக்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. நெல்லை அறுக்கிறோம்; பூவைக் கொய்கிறோம்; கரும்பை வெட்டுகிறோம்; கிளையைக் கழிக்கிறோம்; தென்னம்பாளையைச் சீவுகிறோம். ஒன்றற்குரிய சொல்லை மற்றொன்றற்கு இட்டால் பொருள் பிழைபடும். ஆங்கிலத்திலும் அவ்வாறே. புல்லை வெட்டுவது 'மோ'. கிளை கழிப்பது 'புரூன்'. மரத்தை அடியோடு சாய்ப்பது 'ஃபெல்'. ரப்பர் மரத்தில் பால் எடுப்பதோ 'டேப்' எனப்படும். தோட்டத்தில் உழைத்த நம் பெரியோர் நன்கறிந்த இச்சொல்லின் வரலாற்றைக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் 'டேப்' என்பதும் இதுவும் ஒரே சொல்லாகும். பழைய ஆங்கிலத்தில் இது மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் மர முளையைக் குறித்தது. முளையை நீக்கி உள்ளிருப்பதை வடியவிடுவதும் அப்பெயரே பெற்றது. பின்னர் மரத்தைக் கீறிச் சாறு வடிப்பதற்கும் அது வழங்கலாயிற்று. மெல்லத் தட்டுதல் எனப் பொருள்படும் மற்றொரு 'டேப்' பிரெஞ்சு மொழிவழி வந்த வேறு சொல்லாகும், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மலாய் மொழியில் இத்தொழிலுக்கு 'மெனோரே' என்று பெயர். கீறுதல் என்பது அதன் பொருள். தமிழர்களாகிய நாமோ 'சீவுதல்' என்றோம். பாளை சீவும் தொழிலில் முன்பே வழங்கிய சொல் ரப்பர்க் காட்டிற்கும் ஏற்றதாயிற்று.

ஏன் 'சீவுதல்'?

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்கு ரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தியே பால் எடுத்தனர்; அதனால் மரம் புண்பட்டது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், பழைய வெட்டின் விளிம்பிலேயே பட்டையை மெல்லியதாகச் சீவி வந்தால் பால் மிகுதியாக வடியும் எனக் கண்டார்.

பால் குழல்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அதற்கும் உள்ளே, மரம் பருக்கக் காரணமான மெல்லிய படலம் உண்டு. கத்தி அதனைத் தொட்டால் மரத்தில் முடிச்சு விழும். புதுப்பட்டை செம்மையாக வளராது. எனவே படலத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னே கத்தி நிற்றல் வேண்டும். அதுவும் விடியலுக்கு முன், தலைவிளக்கின் ஒளியில்! மரத்தினுள் அழுத்தம் மிகுந்த அவ்வேளையிலேதான் பால் நன்கு வடியும். வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிவாக அமையும். அவ்வாறமைந்தால் சாய்ந்தோடும் பால் குழல்கள் பல அறுபடும். இவ்வளவு நுட்பமும் கைப்பழக்கத்தால் வந்தது.

நாம் அறிய வேண்டுவது

மாணவர் சிலர் கட்டுரையில், "என் தாத்தா மரம் வெட்டினார்" என எழுதுகின்றனர். தோட்டத்தார்க்கு அதன் பொருள் விளங்கும். வெளியூரார் படித்தால் மரத்தைச் சாய்த்தார் என்றே கொள்வர். மரத்தைச் சாய்ப்பவர்க்கு ஒரு நாள் வேலை. சீவுபவரோ ஒரே மரத்தை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடு காத்துப் பயன் கொண்டவர். ஆதலின் "பால்மரம் சீவினார்" என எழுதுவதே அவர் தொழிலுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த நம் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. 2014இல் இரண்டாம் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. மரங்கள் மறையலாம், அத்தொழிலின் சொற்களை வீட்டிலே கேட்டு எழுதி வைத்தல் நம் கடமை. பெற்றோரும் இதற்குத் துணைபுரிய வேண்டுகிறோம்.

பயிற்சி

1. மங்கு, நிரை, கோட்டுப்பால், கட்டிப்பால் ஆகியவற்றின் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
2. அறு, கொய், கழி, சீவு ஆகிய சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.