நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை: தலசீமியா தரும் பாடம்



நமது அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருவோரில் சில பெற்றோர் மாதம் தவறாமல் வருகிறார்கள். அவர்கள் கேட்பது பணம் அல்ல, பிள்ளைக்கு ஏற்ற ஒரு பை இரத்தம். அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது தலசீமியா மேஜர் என்ற இரத்த நோய். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், அடுத்தவர் இரத்தத்தில்தான் அவர்கள் வாழ வேண்டியிருக்கிறது.

"எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இந்த நோய் இல்லையே, பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்தது?" இதுதான் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சில வீடுகளில் கேள்வியோடு நிற்பதில்லை, மருமகள் மேல் பழியும் விழுகிறது. இந்த மாதப் பாடத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம். விடை நம் இரத்த அணுக்களுக்குள் இருக்கிறது.

நான்கு சங்கிலிகள்

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாட்கள் வாழும். ஒரே ஒரு சிவப்பணுவில் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. நுரையீரலில் ஆக்ஸிஜனை வாங்கி உடலெங்கும் கொண்டு சேர்ப்பவை இவைதான்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு கட்டு. பெரியவர்களின் இரத்தத்தில் அது பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் கொண்டது. ஆல்ஃபாவுக்கான மரபணுக்கள் 16-ஆம் குரோமோசோமிலும், பீட்டாவுக்கானது 11-ஆம் குரோமோசோமிலும் உள்ளன. பீட்டா மரபணுவில் ஒன்று வாப்பாவிடமிருந்தும் ஒன்று உம்மாவிடமிருந்தும் நமக்கு வருகிறது.

இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் 'கேரியர்' அல்லது தலசீமியா மைனர் எனப்படுவார். அவர் நோயாளி அல்ல. சற்று இரத்தம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். ஓடியாடி வேலை செய்து முழு ஆயுளும் வாழலாம். இரண்டுமே பழுதாக இருந்தால்தான் கடும் நோய். குடும்பத்தில் யாருக்கும் நோய் தெரியாமல் இருந்தது இதனால்தான். பழுது தலைமுறை தலைமுறையாக ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

கருவறையில் ஒன்று, பிறந்தபின் வேறொன்று

இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போது நலமாகவே இருப்பார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் முகம் வெளுக்கத் தொடங்கும், பால் குடிப்பது குறையும், வயிறு பெருக்கும். ஏன் இந்தத் தாமதம்?

கருவின் வளர்ச்சி படித்தரம் படித்தரமாக நடப்பதைச் சிந்திக்குமாறு நம் வேதம் நம்மை அழைக்கிறது. இரத்தம் உருவாவதிலும் அப்படிப் படிகள் உண்டு. முதல் வாரங்களில் கருவோடு ஒட்டிய ஒரு சிறு பையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. பிறகு அந்த வேலை கல்லீரலுக்குப் போகிறது. கடைசியாக எலும்பு மஜ்ஜை அதை ஏற்றுக்கொள்கிறது.

ஹீமோகுளோபினும் மாறுகிறது. வயிற்றில் வளரும் குழந்தையிடம் பீட்டாவுக்குப் பதில் 'காமா' என்ற சங்கிலி இருக்கும். இந்தக் கரு ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் தாயின் இரத்தத்திலிருந்து குழந்தை தன் பங்கை இழுத்துக்கொள்ள முடிகிறது. பிறந்த பின் சில மாதங்களில் காமா அடங்கி, பீட்டா அந்த இடத்துக்கு வருகிறது. பீட்டா மரபணு இரண்டும் பழுதான குழந்தைக்கு அப்போதுதான் சோதனை ஆரம்பம். அதுவரை காத்தது காமா.

அணுவுக்குள் நடக்கும் சேதம்

பீட்டா இல்லை என்றால் இரத்தம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். உண்மையான சேதம் மிஞ்சிப்போகும் ஆல்ஃபாவால் வருகிறது. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் இளம் அணுக்களுக்குள் கட்டிக்கட்டியாகப் படிந்து, அணுவின் சவ்வைக் கெடுக்கின்றன. மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அணுக்கள் பெருமளவில் சாகின்றன.

இரத்தம் போதவில்லை என்று உணர்ந்த உடல், இன்னும் உற்பத்தி செய் என்று மஜ்ஜையை விரட்டுகிறது. மஜ்ஜை பெருத்து எலும்புகளை விரிக்கிறது. சிகிச்சை பெறாத பிள்ளைகளின் நெற்றியும் கன்ன எலும்பும் புடைப்பது இதனால்தான். மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன.

இன்னொரு தொல்லை இரும்பு. நம் உடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை மட்டுமே ஏற்று, அதே அளவை இழக்கும். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மிச்சத்தை வெளியேற்ற உடலில் வழி கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் தேங்குகிறது. எனவே இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இரும்பை நீக்கும் மருந்தும் தொடர்ந்து தேவை. இரத்தம் ஏற்றியாயிற்று என்று மாத்திரையை விட்டுவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

காமாவை மறுபடி எழுப்ப முடியுமா?

1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகள் பிறந்தவுடன் நலமாக இருப்பதைக் கவனித்தார். கரு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று அவர் கருதினார். அரிவாள் செல் நோயும் பீட்டா மரபணுவின் பழுதால் வருவதே. எனவே இரண்டு நோய்க்கும் ஒரே கேள்வி எழுந்தது: அடங்கிப்போன காமாவைத் திரும்ப எழுப்ப முடியுமா?

விடைக்கு 60 ஆண்டுகள் ஆயின. தலசீமியா மிகுந்த இத்தாலியின் சார்டீனியா தீவில், சிலருக்கு மட்டும் நோய் லேசாக இருந்தது. அவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவில் இருந்த ஒரு வேறுபாட்டோடு அது தொடர்புடையது என்று 2008-இல் தெரிந்தது. அதே ஆண்டில் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஓர்கின், விஜய் சங்கரன் ஆகியோரின் குழு, காமாவுக்குப் பூட்டுப் போடுவது இந்த பி.சி.எல்.11ஏ-தான் என்று காட்டியது.

பூட்டை அப்படியே உடைத்துவிட முடியாது. அந்த மரபணு மூளையிலும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் வேறு வேலைகள் செய்கிறது. இரத்தச் சிவப்பணுக்களில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு பகுதி இருப்பது 2013-இல் கண்டறியப்பட்டது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டினால் மற்ற உறுப்புகளுக்குப் பாதகம் இல்லாமல் காமா எழும்.

வெட்டும் கத்தரியும் அதற்குள் கிடைத்திருந்தது. ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியரும் 2012-இல் வெளியிட்ட 'கிரிஸ்பர்' முறைக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் மஜ்ஜைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பரால் அந்த இடத்தை வெட்டி, அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. பிறகு பஹ்ரைன், சவூதி அரேபியா, அமெரிக்கா ஆகியவையும் அனுமதித்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நமக்கு எட்டும் சிகிச்சை

ஆனால் அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். அதோடு, பழைய மஜ்ஜையை அழிக்கக் கடும் மருந்து கொடுக்க வேண்டும். அது பிள்ளை பெறும் திறனையும் பாதிக்கலாம். நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது இன்னும் தொலைவில் இருக்கிறது.

எட்டும் தூரத்தில் இருப்பது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் இது நடந்துவருகிறது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சிறு வயதிலேயே, உறுப்புகளில் இரும்பு சேர்வதற்கு முன் செய்தால் பலன் அதிகம். கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மேலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் வாங்காத பெற்றோர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்ப்போம்

கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

பழுதான மரபணுவை உம்மாவும் கொடுத்திருக்கிறார், வாப்பாவும் கொடுத்திருக்கிறார். ஒருவர் கொடுத்து மட்டும் இந்த நோய் வராது. மருமகளைப் பழிக்கும் மாமியார்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கண்ணேறோ, கிரகணமோ, கர்ப்பத்தில் சாப்பிட்ட உணவோ இதற்குக் காரணம் அல்ல.

சொந்தத்தில் சம்பந்தம் செய்வது நம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது, கட்டாயம் அல்ல. இந்தியாவில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர் என்று மதிப்பிடப்படுகிறது. நூற்றுக்கு 4 என்று வைத்தால், முன்பின் உறவில்லாத இருவர் சேரும்போது இருவருமே கேரியராக இருக்கும் வாய்ப்பு 625-இல் ஒன்று. ஆனால் பாட்டனார் கேரியர் என்று வையுங்கள். அவருடைய பிள்ளைகளில் ஒருவருக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு, பேரப்பிள்ளைக்கு வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பேரனும் அத்தை மகளான பேத்தியும் மணந்தால், இருவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. அந்நியத்தில் செய்தால் பயமே இல்லை என்பதும் சரியல்ல. பரிசோதனை இரு தரப்புக்கும் தேவை.

நாம் செய்ய வேண்டியது

ஈரானில் 1997 முதல் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை நாடு முழுவதும் செய்யப்படுகிறது. சவூதி அரேபியாவில் 2004 முதல் கட்டாயம். அங்கே முடிவு எதுவானாலும், மணப்பதா வேண்டாமா என்பதை ஜோடியே தீர்மானிக்கலாம். அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பரிசோதனை எளிது. முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் எம்.சி.வி. அளவு 80-க்குக் கீழ் இருந்தால், அடுத்து எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர். கடும் இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் இந்த அளவு குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், முடிவை மருத்துவரிடம் காட்டியே முடிவு செய்யுங்கள். இரத்தம் குறைவு என்று வருடக்கணக்கில் இரும்பு டானிக் குடித்தும் ஏறாதவர்களும் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் செய்தாலும், வலீமாவுக்கு வாங்கும் ஓர் ஆட்டின் விலைகூட ஆகாது. ஆனால் பேச்சு முடிந்து, தேதி குறித்து, பத்திரிகை அடித்தபின் செய்தால் மனக்கசப்பே மிஞ்சும். படிப்பு முடிந்ததும், பேச்சு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

முடிவில் கேரியர் என்று வந்தால் மறைக்காதீர்கள். கேரியரான பெண்ணோ பையனோ குறையுள்ளவர் அல்ல. கேரியர் அல்லாத துணை அமைந்தால் பிள்ளைகளுக்குக் கடும் நோய் வராது. "பெண்ணுக்கு ஏதோ இருக்கிறதாம்" என்று மஹல்லாவில் பேசுவது புறம். அதன் பாவத்தை நாம் அறிவோம்.

ஏற்கனவே மணமானவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பரிசோதியுங்கள். இருவரும் கேரியர் என்றால் மருத்துவரையும் ஆலிம்களையும் தாமதிக்காமல் அணுகுங்கள். அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் பாரமானவை. நிக்காஹ்வுக்கு முன்பே அறிவது அந்தப் பாரத்தை இலேசாக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரமளானில் பகலில் இரத்தம் கொடுப்பவர்கள் குறைகிறார்கள். பிள்ளைகளின் தேவை குறைவதில்லை. இஃப்தாருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டில் கலந்து பேச

1. பிறந்தவுடன் நலமாக இருக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பின் நோய் தெரிவது ஏன்?
2. கேரியருக்கும் நோயாளிக்கும் என்ன வேறுபாடு?
3. நம் வீட்டில் அடுத்து சம்பந்தம் பேச வேண்டியவர் யார்? அவருக்குப் பரிசோதனை செய்தாயிற்றா?

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தேடியவர்கள் அணுவுக்குள் ஒரு பூட்டையும் சாவியையும் கண்டார்கள். நம் கையில் இருப்பது அதைவிட எளிய காரியம். நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைத் தூக்கிச் சுமக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும், நம் அனைவருக்கும் முன்யோசனையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.