லாரி ஓட்டப் போன பிள்ளைக்கு எந்த ரேடியோ?

அமெரிக்கா சென்று, கனரக வாகன உரிமம் பெற்று, நெடுந்தூர லாரி ஓட்டத் தொடங்கும் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் வாங்க நினைக்கும் பொருள்களில் ஒன்று சி.பி. ரேடியோ. "செல்போன்தான் இருக்கிறதே, இதற்கு வேறு 400, 500 டாலர் எதற்கு?" என்று இங்கிருக்கும் பெற்றோருக்குத் தோன்றும். நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் அந்தக் கேள்வி நியாயமானது. எனவே இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம். படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

சி.பி. என்பது சிட்டிசன்ஸ் பேண்ட், அதாவது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கிய அலைவரிசை. அமெரிக்க அரசு 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இதைத் திறந்துவிட்டது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது, எந்த பங்கில் டீசல் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் நாடெங்கும் பரவியது. 1977 முதல் 40 சேனல்கள். 1983 முதல் தனி லைசென்ஸ் தேவையில்லை. சேனல் 9 அவசர உதவிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்டது. சேனல் 19 லாரிக்காரர்களின் சேனல். அது வழக்கத்தால் வந்தது.

செல்போனில் நமக்குத் தெரிந்தவரிடம்தான் பேச முடியும். முன்னால் போகும் முகம் தெரியாத ஓட்டுநரின் எண் யாரிடம் இருக்கிறது? கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தூலே மூடுபனி என்று ஒன்று இறங்கும். சில நேரம் பத்தடி தூரம்கூடத் தெரியாது. 2007 நவம்பரில் பிரெஸ்னோ அருகே 99-ஆம் நெடுஞ்சாலையில், அந்தப் பனியில் 100-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. முழுச் சுமையுடன் 36 டன் எடையுள்ள லாரி, மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் போனால், நல்ல சாலையிலேயே நிற்பதற்கு ஏறத்தாழ 160 மீட்டர் வேண்டும். ஐந்து கி.மீ. முன்னாலிருந்து ஒருவர் "வண்டிகள் நிற்கின்றன, மெதுவாக வா" என்று சொன்னால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் கிடைக்கிறது. ரேடியோ வாங்குவது இந்த மூன்று நிமிடத்துக்காக.

இனி விலைக்கு வருவோம். கடைக்காரர் எளிதில் சொல்லாத விஷயம் இது: சட்டப்படி விற்கும் எல்லா சி.பி. ரேடியோவும் சாதாரண ஏ.எம். பேச்சில் 4 வாட்டுக்கு மேல் அனுப்பக்கூடாது. விலை கூடினாலும் அந்த வாட் கூடாது. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது இரைச்சலை அடக்கும் வசதி, தெளிவான ஒலிபெருக்கி, வானிலை அறிவிப்புச் சேனல், எஸ்.எஸ்.பி. போன்றவை. இவற்றில் இரைச்சல் அடக்கியும் வானிலைச் சேனலும் உண்மையிலேயே பயன்படும். எஸ்.எஸ்.பி. முறைக்கு 12 வாட் வரை அனுமதி உண்டு என்றாலும், 19-ஆம் சேனலில் பேசுவோர் ஏ.எம்.-இல்தான் பேசுகிறார்கள், புதியவர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். யூனிடன், கோப்ரா, பிரசிடென்ட் போன்ற பெயருள்ள நிறுவனத்தின் நடுத்தர ரேடியோ ஒன்று போதும்.

மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவில் போடச் சொல்லுங்கள். குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை ரேடியோவைவிட அதிகம் தீர்மானிப்பது ஆன்டெனாதான். இந்த அலையின் நீளம் 11 மீட்டர்; கால் பங்கு என்றாலும் ஆன்டெனா 2.7 மீட்டர் உயரம் வேண்டும். லாரியின் மேல் அவ்வளவு உயரத்தை நிறுத்தினால் பாலத்தில் இடிக்கும். அதனால் கம்பியைச் சுருளாகச் சுற்றி நான்கடியில் அடக்கிய ஃபைபர் ஆன்டெனாவைப் பக்கக் கண்ணாடித் தாங்கியில் பொருத்துகிறார்கள். தாங்கிக்கு லாரியின் சேசிஸோடு நல்ல எர்த் இருக்க வேண்டும். இன்றைய கேபின்களில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம் என்பதால் எர்த் இல்லாமல் போய்விடுகிறது. தனியாக ஒரு எர்த் பட்டை கொடுக்க வேண்டிவரும். அழகுக்காக இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டெனா வைத்து இரண்டும் சரியில்லாமல் இருப்பதைவிட ஒன்றைச் சரியாக வைப்பது மேல்.

பொருத்தியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் சோதிக்க வேண்டும். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று அது காட்டும். 1.5-க்குக் கீழே இருந்தால் நல்லது, 2 வரை பாதகமில்லை. 3-க்கு மேல் போனால் பேசவே கூடாது. ரேடியோவின் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். 1-ஆம் சேனலைவிட 40-ஆம் சேனலில் அளவு அதிகமாக வந்தால் ஆன்டெனா நீளம் கூடுதல் என்று பொருள். மாறி வந்தால் குறைவு. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மைக் பட்டனை அழுத்தவே கூடாது.

லாரி கம்பெனியுடையது என்றால் அது அமானத். கேட்காமல் துளை போடக்கூடாது. பல லாரிகளில் மின் இணைப்பும் ஆன்டெனா கேபிளும் தயாராகவே இருக்கும். அதை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் செலவு பாதியாகும். வண்டி மாற்றிக் கொடுத்தாலும் கழற்றி எடுத்துக்கொள்ளும்படி இருக்கட்டும்.

லாரி நிறுத்தங்களில் உள்ள சில கடைகளில் "ஏற்றித் தருகிறேன்" என்பார்கள். புது ரேடியோவைத் திறந்து வாட் கூட்டுவது, ஆம்ப்ளிஃபயர் வைப்பது, அமெச்சூர் அலைவரிசைக்கான ரேடியோவை மாற்றி சி.பி.யாக விற்பது எல்லாம் அதில் அடக்கம். மூன்றும் சட்டவிரோதம். பிழைக்கப் போன நாட்டில் நம் பிள்ளைக்கு இந்த வம்பு எதற்கு?

முதல் வாரம் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பேசும் வழக்கு காதுக்குப் பழகும். பிறகு "ரேடியோ செக்" என்று கேட்டால் யாராவது பதில் தருவார்கள். எந்தச் சரக்கு, இரவு எங்கே நிறுத்தப் போகிறேன் என்பதை ஒருபோதும் சொல்லக்கூடாது. கேட்பவர் யாரென்று தெரியாது. 19-இல் கெட்ட வார்த்தை ஏராளம். நிறத்தையும் மதத்தையும் உச்சரிப்பையும் வைத்து ஏசுவோரும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், சத்தத்தைக் குறைத்தால் போதும். முற்றிலும் அணைத்துவிட்டால் மூடுபனி எச்சரிக்கையும் சேர்ந்தே போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அங்கே லாரி ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பேசுவது 2012 முதல் தடை; அபராதம் 2,750 டாலர் வரை என்று அப்போது வைத்தார்கள். சி.பி. மைக்குக்கு அந்தத் தடை இல்லை. நமக்கு இரவு 9 மணி என்றால் குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் காலை 7.30, பிள்ளை வண்டி எடுத்திருக்கும் நேரம். அழைப்பை எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்திய பிறகு அவரே அழைக்கட்டும்.