பழைய பட்டாளத்துப் பித்தான் வாங்கும் முன்...

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) சீருடைப் பித்தான்களைச் சேர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, போலிகள்தான்.

1. முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வாட்டர்பரி நகரத்து ஸ்கோவில் போன்ற நிறுவனங்கள் பெயர் பொறிக்கும் விதத்தைக் காலப்போக்கில் மாற்றின; பித்தானின் வயது அதில் தெரியும்.

2. முன்பக்கத்தில் பொறித்திருக்கும் கழுகின் மார்புக் கேடயத்தில் உள்ள ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள். வடக்குப் படையில் 'ஐ' காலாட்படை அதிகாரிக்கு, 'சி' குதிரைப்படை அதிகாரிக்கு, 'ஏ' பீரங்கிப்படை அதிகாரிக்கு. எழுத்தில்லாத கேடயம் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாயுடையது.

3. தெற்குப் படையின் பித்தான் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அசல் அரிது, விலை அதிகம். அதனால் நகல்களும் அதிகம்.

4. துலக்காதீர்கள்! குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு ஆகாது. மிச்சமிருக்கும் மெல்லிய தங்கப்பூச்சும் போய்விடும், விலையும் இறங்கிவிடும்.

5. ஓக் மரப்பெட்டி, பி.வி.சி. உறை இரண்டையும் தவிருங்கள். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

6. கெட்டிஸ்பர்க் போன்ற தேசியப் போர்க்களப் பூங்காக்களுக்குப் பித்தான் தேடி மெட்டல் டிடெக்டரோடு போகாதீர்கள். அங்கே தோண்டி எடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.