பறவைக் கூட்டமும் படக்கருவியும்

கெடா மாநிலத்தின் செமிலிங் வட்டாரத்தில் தலைநிமிர்ந்து நிற்பது ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, பழங்காலத்தில் கடல் கடந்து கடாரத்துக்கு வந்த வணிகக் கப்பல்களுக்குக் கரை காட்டும் அடையாளமாக விளங்கியது. மலையின் தென்புறத்தில் செமிலிங், மெர்போக் ஆகிய சிற்றூர்களும் தோட்டங்களும் ஆற்றோர அலையாத்திக் காடுகளும் உள்ளன. மலையைச் சுற்றிக்கொண்டு வடமேற்கே சென்றால் யான் மாவட்டத்தின் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிகின்றன.

வயல்களில் நீர் பாய்ச்சி உழும் காலத்தில் இங்கே நூற்றுக்கணக்கான பெரிய பறவைகள் கூடி இரை தேடுவதைக் காணலாம். சாம்பல் கலந்த வெண்ணிற உடல், கருநிறச் சிறகு முனைகள், நீண்ட கால்கள் ஆகியவற்றைக் கொண்ட இப்பறவைக்கு நத்தைகுத்தி நாரை என்று பெயர். முதிர்ந்த நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருப்பதில்லை. வளர வளரத்தான் தோன்றுகிறது. கூர்மையான அலகு நுனியை நத்தை ஓட்டுக்குள் செலுத்தி, சதையை மட்டும் இந்நாரை வெளியே இழுத்துவிடும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு மலேசிய வயல்களில் இந்நாரை பழக்கமான பறவை அன்று. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், தாய்லாந்து போன்ற நாடுகளே அதன் தாயகம். தாய்லாந்தில் வளையமிடப்பட்ட ஒரு நாரை, 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் வங்காளதேசத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் இப்பறவைகள் தெற்கு நோக்கியும் பரவின. சிங்கப்பூரில் இவை முதன்முதலாக 2013ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பதிவாயின. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் பெருங்கூட்டங்கள் அந்நகரின் வானில் வட்டமிட்டன. நத்தைகுத்தி நாரை நாள்காட்டி பார்த்து வலசை போகும் பறவை அன்று. நீரும் இரையும் கிடைக்கும் இடத்தைத் தேடி அது நெடுந்தொலைவு செல்லும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெற்பயிரைத் தின்று அழிக்கும் பொன்னிற நத்தைகள் கெடாவின் வயல்களில் மிகுந்துள்ளன. உழவருக்குப் பகையான நத்தை நாரைக்கு விருந்தாகிறது.

இத்தகைய பெருங்கூட்டத்தைக் கண்டதும் படமெடுக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால், ஒரு பறவையைப் படமெடுப்பதைவிடக் கூட்டத்தைப் படமெடுப்பது கடினம். கண்ணுக்கு வானளாவத் தெரிந்த காட்சி, படத்தில் வெறும் புள்ளிக் கோலமாகச் சுருங்கிவிடலாம். எனவே, படமெடுப்பவர் முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலையோ பனைமரமோ வரப்போ படத்தில் இடம்பெற்றால்தான் கூட்டத்தின் அளவும் அது வந்திறங்கிய ஊரும் பார்ப்பவருக்கு விளங்கும்.

அடுத்தது ஒளி. யான் வயல்களிலிருந்து பார்க்கும்போது ஜெராய் மலை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கிறது. காலையில் கதிரவன் மலையின் பின்னாலிருந்து எழுவதால், மலையை நோக்கி எடுக்கும் படத்தில் பறவைகள் கரிய நிழலுருவங்களாகவே பதியும். மாலையிலோ கடற்பக்கத்துச் சாய்வொளி பறவைகளின் மீது நேராக விழும். மலையின் கரும்பச்சைப் பின்னணியில் வெண்சிறகுகள் எடுப்பாகத் தெரியும். காற்றில் எழும் நாரைகளைப் படமெடுக்க விரும்புவோர், வெயில் ஏறும் முற்பகல் வேளைவரை காத்திருப்பார்கள். தரை சூடேறியதும் வெப்பக்காற்று மேலெழும். நாரைகள் சிறகடிக்காமலேயே அதில் வட்டமிட்டு உயரும்.

பறக்கும் சிறகுகள் தெளிவாகப் பதிய, ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மிக விரைவாகச் சிறகடிக்கும் சிறு பறவைகளுக்கு அதனினும் கூடுதல் வேகம் தேவை. வெள்ளைப் பறவைகள் கரிய மலையின் முன்னே பறக்கும்போது, படக்கருவி இருட்டை ஈடுசெய்ய முயன்று சிறகுகளை வெளிறச் செய்துவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். வெளிச்சமான வானத்தில் பறக்கும்போது, ஒளியளவைக் கூட்ட வேண்டும். விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பறவைக் கூட்டத்தையும் நிலத்தையும் சேர்த்துக் காட்டும் அகன்ற படத்தை விவேகக் கைப்பேசியிலும் எடுக்கலாம்.

இத்துடன் படக்கலை முடிந்துவிடுவதில்லை. தரையில் அமைதியாக மேயும் கூட்டத்தைவிட, ஒரே வேளையில் சிறகு விரித்து எழும் கூட்டம் படத்தில் அழகாகத் தெரியும். அதற்காகச் சிலர் கைதட்டுகிறார்கள். சிலர் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார்கள். சிலர் ஆளில்லா வானூர்தியைத் தாழப் பறக்க விடுகிறார்கள். நொடிப்பொழுதில் நல்ல படம் கிடைத்துவிடும். அதற்கான விலையைக் கொடுப்பது பறவைதான்.

அந்த விலை எத்தகையது என்பதைக் கரையோரப் பறவைகளின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும். கெடாவின் தென்னெல்லையில் ஓடும் மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து பினாங்கின் தெலோக் ஆயர் தாவார்வரை நீளும் சேற்றுக் கரைக்கு, வடதுருவப் பகுதிகளிலிருந்து உள்ளான்களும் மூக்கன்களும் வருகின்றன. கிழக்காசிய ஆஸ்திரலேசியப் பறவைப் பாதை என்னும் நெடுவழியில் இக்கரை ஒரு தங்குமடம். கடல் வற்றும்போது அவை சேற்றில் இரை தேடும். கடல் பொங்கும்போது சேறு மூழ்கிவிடுவதால், எஞ்சிய சிறு திட்டுகளில் நெருக்கமாக நின்று இளைப்பாறும். படமெடுப்போருக்கு அதுவே வாய்ப்பான நேரம். பறவைகளுக்கோ தவறாமல் ஓய்வெடுக்க வேண்டிய நேரம்.

உடலில் சேரும் கொழுப்பே வலசைப் பறவையின் எரிபொருள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்தது. அதன் உடலில் பொருத்தப்பட்டிருந்த சிறு கருவி இதனைப் பதிவு செய்தது. அந்தப் பயணத்துக்கு உணவாக இருந்தது புறப்படும் முன் அது தின்று சேர்த்த கொழுப்பு மட்டுமே. ஓய்வெடுக்கும் கூட்டத்தை ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி வீணாகிறது. ஒருவர் ஒரு முறை விரட்டுவது சிறு தீங்காகத் தோன்றலாம். நாள்தோறும் பலர் விரட்டினால், பறவை தன் பயணத்தை முடிக்கும் வலிமையை இழக்கக்கூடும்.

விரட்டாமலும் அழகிய படம் கிடைக்குமா? கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள போஸ்கே டெல் அப்பாச்சி வனவிலங்குக் காப்பகம் சான்று. குளிர்காலத்தில் அங்கே பல்லாயிரக்கணக்கான பனிவாத்துகள் வந்து தங்குகின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்து வரும் படக்கலைஞர்கள், விடியும் முன்னரே உறைபனியில் கரையோரம் நின்று காத்திருப்பார்கள். பொழுது புலரும்போது வாத்துகள் இரைதேடப் புறப்படும். நீர்ப்பரப்பே பெயர்ந்து எழுவதுபோல் கூட்டம் முழுவதும் ஒன்றாக மேலெழும். பறவையின் அன்றாட வழக்கத்தை அறிந்து முன்கூட்டியே சென்று காத்திருப்பவருக்கு அக்காட்சி தானாகவே கிடைக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் பழமொழி படக்கலைக்கும் பொருந்தும்.

பறவையின் அமைதிக்காகத் தம் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள வேட்டங்குடி, 1977ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கெடாவின் வயல்களில் காணப்படும் அதே நத்தைகுத்தி நாரைகள் அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காகத் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. பல்லாண்டுகளாக இவ்வழக்கத்தை அவர்கள் காத்து வருகிறார்கள். பட்டாசு கேட்டு அடம்பிடிக்கும் வயதிலேயே அவ்வூர்ப் பிள்ளைகள் பறவைக்காக அதனைத் துறக்கப் பழகுகிறார்கள்.

விரட்டாமல் எடுத்த படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பெருங்கூட்டத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடும்போது, உள்ளதைவிடக் குறைவாகச் சொல்லிவிடுவது வழக்கம். படம் இருந்தால் பொறுமையாக எண்ணலாம். எடுத்துக்காட்டாக, ஒரு படத்தை 20 சம கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். பறவைகள் அடர்ந்த ஒரு கட்டத்தில் 48, நடுத்தரமான கட்டத்தில் 30, அடர்த்தி குறைந்த கட்டத்தில் 12 எனக் கிடைத்தால், அவற்றின் சராசரி 30 ஆகும். அதனை 20 கட்டங்களால் பெருக்கினால், கூட்டத்தில் ஏறத்தாழ 600 பறவைகள் உள்ளன எனலாம். விரட்டப்பட்ட கூட்டமோ சிதறிப் பல திசைகளில் பறந்துவிடும். அதனைச் சரியாக எண்ணுவது அரிது.

இத்தகைய கணக்குகளுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வோராண்டும் சனவரி மாதத்தில் நடைபெற்று வருகிறது. மலேசியா உட்படப் பல நாடுகளின் தன்னார்வலர்கள் குளங்களிலும் வயல்களிலும் கடற்கரைகளிலும் பறவைகளை எண்ணுகிறார்கள். எந்த இனம் பெருகுகிறது, எது அருகி வருகிறது, எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இத்தொடர் கணக்குகளே உணர்த்துகின்றன.

ஆகவே, படம் எடுத்தவுடன் நாள், நேரம், இடம், மதிப்பிட்ட எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்து வைப்பது நல்ல பழக்கம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாமல் இருப்பது பாதுகாப்பானது. அழகுக்காக மட்டும் எடுத்த படம் சில நாளில் மறந்துபோகலாம். குறிப்புடன் காக்கப்பட்ட படம், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் ஊரின் வயலில் எத்தனை பறவைகள் இறங்கின என்பதற்குச் சான்று கூறும். படமெடுத்தவர் திரும்பிச் சென்ற பிறகும் அங்கே பறவைகள் அஞ்சாமல் மேய்ந்துகொண்டிருந்தால், அந்தப் படம் நேர்மையாக எடுக்கப்பட்டது என்று பொருள்.