அந்த மேடுகளில் மரம் நடாதே

உதகை

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் வந்தது. பைக்காரா போகும் வழியில் மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடக்கும் மேடுகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றும், அடுத்த முறை பள்ளி மாணவர்களோடு வந்து அங்கே விதைப்பந்து வீசப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். நல்ல மனசுதான் கண்ணு. ஆனால் வீசாதே. வேம்பும் புங்கனும் உங்கள் ஊர் கோபியில் போடு. அங்கேதான் நிழல் வேண்டும். இந்த மேடுகளில் மரம் இல்லாதது குறையே இல்லை.

நீ பார்த்தது ஓரம்தான். அங்கிருந்து மேற்கே, கேரளத்தை நோக்கி மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பில் முக்கூர்த்தி தேசியப் பூங்கா இருக்கிறது. 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, அது நல்லதற்குத்தான். உள்ளே பார்த்தால் அலை அலையாகப் புல்மேடு. இரண்டு மேடு சேரும் பள்ளத்தில் மட்டும் கரும்பச்சையாக ஒரு துண்டுக் காடு அடைந்து கிடக்கும். அதுதான் சோலை.

மரம் ஏன் பள்ளத்தோடு நின்றுகொள்கிறது? முக்கியக் காரணம் உறைபனி. பனிக்கால இரவில் திறந்த மேட்டில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சோலை மரத்தின் கன்று தப்பித் தவறி அங்கே முளைத்தாலும் பனியில் கருகும். புல்லோ மேலே காய்ந்தாலும் வேரில் உயிரை வைத்துக்கொள்ளும். விதிவிலக்காகக் காட்டுப்பூவரசு மட்டும் புல் நடுவே தன்னந்தனியாக நிற்கும். தடித்த பட்டை, கொத்தாகச் சிவப்புப் பூ. பனிக்கும் அஞ்சாது, தீக்கும் அஞ்சாது.

மனிதர்கள் காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழு நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டது. இங்கே புல் இருபதாயிரம் ஆண்டுகளாக இருந்திருக்கிறது. வறண்ட காலத்தில் பரந்திருக்கிறது, மழை கூடிய காலத்தில் சுருங்கியிருக்கிறது. கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த கதை இது.

வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு இது தரிசாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நம் அரசும் விடவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டுமென்று மேடு மேடாக நட்டார்கள். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அவர்களுடைய எருமைகள் மேய்ந்ததும், கோயில் கூரை வேய்ந்ததும் இந்தப் புல்லை வைத்துத்தான். இறந்தவர்களின் உயிர் மறுவுலகம் போகும் வழி முக்கூர்த்திச் சிகரம் என்பது அவர்கள் நம்பிக்கை.

சீகை லேசுப்பட்ட மரமல்ல. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். மரத்தை வெட்டினாலோ தீ வைத்தாலோ அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஒரு மரம் போய் நூறு கன்று வரும். ஆகவே வெட்டியதோடு வேலை முடியாது. வருடா வருடம் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும், புல்லையும் நாற்று விட்டு நட வேண்டும். இன்னொரு சிக்கல், பழைய சீகைத் தோப்பின் நிழலில் பனி படாமல் சோலைக் கன்றுகள் சில இடங்களில் எழுந்து வருகின்றன. அங்கே அவசரப்பட்டு வெட்டக் கூடாது என்பது என் கட்சி. புல்மேட்டுக்குள் நுழைந்த சீகைக்கு மட்டும் தயவு காட்டத் தேவையில்லை.

மரம் அடைத்தால் முதலில் அடிபடுவது வரையாடு. நம் மாநில விலங்கு. அதன் குளம்பைக் கவனித்திருக்கிறாயா? ஓரம் கெட்டி; நடுவில் ரப்பர் போல மெத்தென்ற திண்டு. ஈரப் பாறையில் வழுக்காமல் நிற்பது அதனால்தான். செந்நாயோ சிறுத்தையோ வந்தால் மந்தை முழுவதும் பாறை விளிம்புக்குப் பாயும். ஆக அதற்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்: மேயவும் தூரத்தில் வரும் பகையைப் பார்க்கவும் திறந்த புல்வெளி, தப்பிக்கச் செங்குத்துப் பாறை. நடுவே சீகை வந்துவிட்டால் எதிரி பதுங்க இடம் கிடைக்கும், மந்தைகள் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியாகும். 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் இரு மாநிலத்திலும் சேர்த்து 2,668 வரையாடுகள்தான். உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது.

புல்லை நம்பியவை இன்னும் இருக்கின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்ற பழுப்புக் குருவி தரையிலேயே புல் தூருக்குள் கூடு கட்டும். சில புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். குட்டை தேங்காத சரிவுக்கு வேறென்ன வழி! கருமந்திக் குரங்கும் சிரிப்பான் பறவையும் சோலைக்காரர்கள், அவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் ஊர் வாய்க்காலுக்கும் இங்கே வேர் இருக்கிறது. பவானி இந்த மலையில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி அட்டப்பாடியைச் சுற்றி, திரும்பத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பவானிசாகரில் தேங்குகிறது. ஆடி மழையைப் புல்லும் கரிமண்ணும் குடித்து வைத்து, மெல்லமெல்லத் தருகின்றன.

டிசம்பரில் வா. விடியற்காலையில் உறைபனியைக் காட்டுகிறேன். வரையாடு தென்படும் என்று வாக்குத் தர முடியாது. நெட்டைக்காலியைத் தேடிப் பார்க்கலாம். தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது, நீ ஸ்வெட்டர் மட்டும் மறக்காதே. அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

உன் பெரியப்பா